துரையின் புத்தகத்துக்குப் பக்கத்து இடம்

"ஆன்டி, இனிமையான நினைவுகளா ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. வெப்சைட்ல போடணும்" என்று கவிதா போனில் கேட்டாள். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நூலகத்தில், நான் உட்கார்ந்திருந்த அதே பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நல்ல பிள்ளை, வேலையிலும் சுறுசுறுப்பு. ஆனால் எதைக் கேட்டாலும் முன்னால் 'இனிமையான' என்று ஒட்டிக்கொண்டு கேட்கிற பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்ததோ, எனக்குப் புரியவில்லை.

"இனிமை ஒண்ணும் கெடையாதும்மா. எரிச்சல் நெறைய இருக்கு. வேணுமா?" என்றேன்.

"அதையே எழுதுங்க ஆன்டி. அதான் உங்களுக்கு நல்லா வரும்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். சரி, கேட்டவள் அவள், வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

வேலைக்கு வந்த கதை சின்னது. கான்வென்டில் படிப்பு முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தார், நூலகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்தது. புத்தகங்களுக்கு எண் போடுகிற பெண் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனதால் அவளுடைய நாற்காலி எனக்கு வந்தது. கோலாலம்பூருக்கு அனுப்பி ஒரு கோர்ஸ் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் ஓய்வு பெறுகிற நாள்வரை எழுந்திருக்கவில்லை.

அது என்ன வேலை என்று என் சொந்தக்காரர்கள் ஒருத்தருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. "பொஸ்தகம் அடுக்குற வேலைதானே பிலோ" என்பார்கள். பிலோமினா என்ற முழுப் பெயரை என் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அடுக்குவதற்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து, இந்தப் புத்தகம் எதைப் பற்றியது, எந்த அலமாரியில் யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டுமே. முதலில் தலைப்புப் பக்கம், பிறகு முன்னுரை, பிறகு பொருளடக்கம், கடைசியாகக் கடைசி அத்தியாயம். முழுப் புத்தகத்தையும் படிக்கக்கூடாது, படித்தால் வேலை ஓடாது. எதைப் பற்றியது என்பதை ஒரே வரியில் அட்டவணைக் கார்டில் எழுத வேண்டும். எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் எழுத வேண்டும், பேனா படக்கூடாது. பிறகு முதுகில் லேபல். லேபல் ஒட்டியாகிவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு விலாசம் கிடைத்துவிட்டது, அக்கம்பக்கத்து வீடுகள் எவை என்பதும் தீர்ந்துவிட்டது.

இந்த முறைகளை எல்லாம் எனக்குள் ஏற்றியவர் மிஸஸ் ஊன், எங்கள் தலைமை நூலகர். பழைய பினாங்குச் சீனக் குடும்பம். வெள்ளிக்கிழமைகளில் சாரோங் கெபாயா கட்டி வருவார், மற்ற நாட்களில் இஸ்திரி கலையாத கவுன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. மேசைமேல் ஒரு தட்டில் ஜாதிக்காய் ஊறுகாய் எப்போதும் இருக்கும். அந்தத் தட்டு நம் பக்கம் நகர்ந்தால் திட்டு வரப்போகிறது என்று அர்த்தம். வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போது எதிர்த்துப் பேச முடியாது அல்லவா, அந்தக் கணக்குதான். பேசுவது அழகான ஆங்கிலம், தமிழில் எழுதும்போது அந்த மெதுவான குரலைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

அவருடைய முதல் விதி, கார்டில் அடைமொழி கூடாது. நல்ல, கெட்ட, பொய்யான, அநியாயமான, எதுவும் கூடாது. "புத்தகம் தன்னை எதைப் பற்றியது என்று சொல்கிறதோ அதை எழுது. அது உண்மையா என்று பார்ப்பது வாசிக்கிறவர் பாடு" என்பார். அவருடைய இரண்டாவது விதி, அலமாரிக்குப் போன புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். யார் அழுதாலும், யார் மிரட்டினாலும் எடுக்க மாட்டார்.

இந்த விதிகள் எனக்கு எரிச்சலூட்டியது துரைமார் புத்தகங்கள் வரும்போதுதான். எங்கள் நூலகம் ஒரு காலத்தில் துரைமார் மட்டுமே படியேறிய இடம். அவர்கள் படித்தவை, எழுதியவை எல்லாம் எங்கள் தலையில் கட்டப்பட்டிருந்தன. தோட்டத்துரை எழுதிய நினைவுகள், மாஜிஸ்திரேட் எழுதிய நினைவுகள், அவர்கள் மனைவிமார் எழுதிய நாவல்கள். வேலை ஓடாது என்று தெரிந்தும் நான் முழுசாகப் படித்த புத்தகங்கள் இவைதான். ஒன்றைப் படித்தால் போதும், மற்றது எல்லாம் அதே குழம்புதான். முதல் அத்தியாயத்தில் கப்பல், மனைவிக்கு வாந்தி. இரண்டாவதில் காடு, கொசு. மூன்றாவதில் 'என் தமிழர்கள்' வந்துவிடுவார்கள். என் நாய், என் குதிரை என்று எழுதிய அதே கையால் என் தமிழர்கள். அவர்கள் எல்லாம் குழந்தைகளாம். வெள்ளந்தியாம், சோம்பேறியாம், அடித்து வளர்த்தால்தான் நல்லதாம். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் அடைந்து கிடந்த லயத்தில் காய்ச்சல் வந்தால் அவர்களுடைய அழுக்குப் பழக்கம். அத்தனை வீட்டுக்கும் ஒரே குழாய் என்பது அதே பக்கத்தில்தான் இருக்கும், துரைக்கு அது கண்ணில் படாது. கடைசி அத்தியாயத்தில் பெருமூச்சு விட்டபடி, நாங்கள் போய்விட்டால் இவர்கள் கதி என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்பார். இவர்களை எதற்காகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள் என்ற கேள்வி எந்தப் புத்தகத்திலும் வராது.

இதையெல்லாம் வெளுத்து வாங்கிய ஆய்வு நூல்களும் பின்னால் வந்தன. கதை சொல்வதாக நடித்துக்கொண்டு இவர்கள் நாடு பிடித்ததற்கு நியாயம் கற்பித்தார்கள், உழைத்தவனை வாயில்லாத பூச்சியாகக் காட்டினார்கள் என்று. எல்லாம் சரியான பேச்சு. ஆனால் அந்தப் பேராசிரியர்களுக்கு ஒரு வாக்கியம் முடிய ஒரு பக்கம் வேண்டும். ஒவ்வொருவரும் ஒரே புத்தகத்தில் எல்லாத் துரைகளையும் சேர்த்துத் திட்டியிருப்பார்கள், ஆகவே அந்த நூல்கள் இலக்கியத் திறனாய்வு என்று மேல்மாடிக்குப் போய்விடும். துரை கீழே உள்ளூர் வரலாறு என்ற அலமாரியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே படிக்கிறவர் மேலே ஏறுவதில்லை. ஊரில் புதிது புதிதாகத் திறக்கிற ஓட்டல்காரர்கள் கீழே வந்து, துரை எழுதிய அழகான வரிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் எழுதி வைப்பார்கள். பாரம்பரியமாம்.

எங்கள் முறையில் ஒரே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒருவர் ஒரு குறிப்பிட்ட புத்தகத்தை மட்டும் எடுத்து, அதற்கு மறுப்பு என்று ஒரு புத்தகம் எழுதினால், அந்த மறுப்பு மூலப் புத்தகத்தின் பக்கத்திலேயே நிற்கும். அதே எண்தான், கடைசியில் ஒரு எழுத்து மட்டும் கூடுதல். நடுவில் வேறு எதுவும் வந்து நுழைய முடியாது. மூலத்தைத் தேடி வருகிறவன் கையில் மறுப்பு தட்டுப்பட்டே தீரும்.

ராஜம்மா அக்கா வந்தது இந்தக் காலத்தில்தான். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிராணியாக இருந்தார், வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். கையில் ஒரு போட்டோஸ்டாட் தாள். ஆராய்ச்சி செய்கிற ஒரு மாணவன் எங்கள் நூலகத்துப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், இது உங்கள் அப்பாதானே என்று கேட்டிருக்கிறான்.

அந்தப் புத்தகத்தின் தலைப்பை இங்கே எழுதி அதற்கு ஓசியில் விளம்பரம் கொடுக்க எனக்கு மனசில்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த துரை எழுதியது. ஜப்பான்காரன் சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயம், அவருடைய தோட்டத்தில் ஒரு காலை யாரும் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகவில்லை. அதற்குக் காரணம் சடையன் என்ற ஆள் என்று எழுதியிருந்தார். இந்தச் சடையனைச் சிறுவனாக இருந்தபோது பங்களா வேலைக்கு எடுத்து, சட்டை கொடுத்து, நாலு வார்த்தை ஆங்கிலம் கற்றுக் கொடுத்தாராம். அவன் காட்டிய நன்றி ஆட்களைத் தூண்டிவிட்டதுதானாம். என் நாய்க்கு இருந்த விசுவாசம் இவனுக்கு இல்லை என்று அத்தியாயத்தை முடித்திருந்தார்.

"இந்தப் பொஸ்தகத்த எடுத்துருங்க" என்றார் ராஜம்மா அக்கா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எங்கப்பா யாரையும் தூண்டல. எங்கள லயத்துல இருந்து வெளிய தள்ளுனதே அநியாயம். இதுல நாய் வேறயா? எம்பிள்ளைங்க படிப்பாங்க. நாளைக்குப் பேரப்பிள்ளைங்க படிப்பாங்க. நன்றி கெட்டவன் பேத்தின்னு அவங்க கேக்கணுமா?"

மிஸஸ் ஊனிடம் அழைத்துப் போனேன். ஜாதிக்காய்த் தட்டு நகர்ந்தது. ராஜம்மா அக்கா அதைத் தொடவே இல்லை. புத்தகத்தை எடுக்க முடியாது, ஆனால் நீங்கள் ஒரு மறுப்பு எழுதினால் பிலோமினா அதைப் பக்கத்திலேயே வைப்பாள் என்றார் மிஸஸ் ஊன். "நான் எழுத்தாளியா?" என்று கேட்டுவிட்டு அக்கா கிளம்பிப் போய்விட்டார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். சில மாதம் கழித்து, அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். "தொரை ஆளுங்க படிக்கணும்ல, அதான்" என்றார். பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் எழுதிப் பழகிய சுத்தமான ஆங்கிலம். மதிப்புக்குரிய ஆசிரியர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று ஆரம்பம். என் தந்தை பணிவானவர், விசுவாசமானவர், தோட்ட நிர்வாகத்துக்கு எதிராக ஒரு விரலைக்கூடத் தூக்கியதில்லை, வேலை நிறுத்தத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, கெட்டவர்கள் அவர்மேல் பழி போட்டுவிட்டார்கள். இதுதான் சாரம்.

அதை அலமாரியில் ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதுகு இல்லாமல் ஒல்லியாக இருக்கிற வெளியீடுகள் எல்லாம் பின்னறையில் பெட்டிக்குள் போக வேண்டும், அலமாரியில் வைத்தால் வளைந்து உள்ளே விழுந்துவிடும் என்பது மிஸஸ் ஊன் விதி. பெட்டிக்குள் போனால் பக்கத்து இடம் எங்கே? "அந்தப் பெட்டியை இதுவரைக்கும் யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். தட்டை என் பக்கம் நகர்த்தினார். நானும் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "ரொம்பப் பணிவாக எழுதியிருக்கிறாள்" என்றார். பிறகு, கெட்டி அட்டை போட்டுக் கட்டி வாங்கி வா, கட்டினால் அது புத்தகம்தான் என்றார்.

பாராட்டுகிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பச்சைத் துணி அட்டை, முதுகில் தங்க நிறத்தில் பெயர். துரை பக்கத்தில் வைத்தோம். ராஜம்மா அக்கா பட்டுச்சேலையில் வந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். என் வேலைக் காலத்தில் மனசு நிறைந்த ஒரு நாள் என்றால் அதுதான். கவிதாவுக்கு இனிமை வேண்டுமென்றால் இந்த ஒரு பத்தியை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

பிறகு மிஸஸ் ஊன் போய்ச் சேர்ந்தார், நானும் ஓய்வு பெற்றேன், கார்டு எல்லாம் கம்ப்யூட்டரானது. அதில் எனக்குக் குறை இல்லை. இந்த வருடம் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு திட்டம் வந்தது. பழைய புத்தகங்களைப் படம் பிடித்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தபடி படிக்கும்படி போடுகிற திட்டம். போட்டுவிட்டோம் பாருங்கள் ஆன்டி என்று கவிதா லிங்க் அனுப்பினாள். பார்த்தேன். துரையின் புத்தகம் அட்டை முதல் அட்டை வரை, பளிச்சென்று, கரையான் அரித்த ஓட்டைகூடத் தெரிகிறது. பக்கத்தில் எதுவும் இல்லை. நானும் மிஸஸ் ஊனும் மல்லுக்கட்டிப் பிடித்த பக்கத்து இடம் காணாமல் போயிருந்தது.

அப்போதே கவிதாவைக் கூப்பிட்டேன். "பச்ச அட்ட பொஸ்தகம் எங்கம்மா?"

"அது ஸ்கேன் பண்ண முடியாது ஆன்டி. காப்பிரைட் முடிஞ்சதுதான் பண்ணலாம். தொரை செத்து ரொம்ப நாளாச்சு, ஓக்கே. இவங்க உயிரோட இருக்காங்களே, அதான் ப்ராப்ளம்."

"செத்தவனுக்குக் கதவு தொறந்திருக்கும், உயிரோட இருக்குறவளுக்குப் பூட்டா? என்னாம்மா இது?"

"ரூல்ஸ் லா ஆன்டி. அவங்க சம்மதம்னு ஒரு ஃபார்ம்ல சைன் போட்டா முடிஞ்சது. இந்த வாரம் மெஷின் திரும்பிப் போகுது. நீங்க வாங்கித் தந்தா நான் பண்ணிர்றேன்."

அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. மறுநாளே பெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், ரயில் பிடித்து, புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ராஜம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். முட்டி ஆபரேஷன் முடிந்து மகன் வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. விஷயத்தைச் சொல்லி ஃபாரத்தை நீட்டியதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"சைன் போட மாட்டேன் பிலோ" என்றார்.

"ஏங்க்கா? பொஸ்தகம் உலகம் பூரா போகும்க்கா."

"அதான் வேணாங்கிறேன். ஊரு பூரா போனா போதாதா? தண்ணி குடி. மருமவ தே கலக்குறா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நான் இங்க தே குடிக்க வரலக்கா. தொரை எழுதுனது இப்ப உலகம் பூரா போயிருச்சு. உங்க அப்பா நன்றி கெட்டவர்னு லண்டன்ல, அமெரிக்காவுல எவன் எவனோ படிக்கிறான். பக்கத்துல நம்ம பதில் இல்ல. நீங்க என்னான்னா வேணாங்கிறீங்க. அன்னைக்கு அதுக்காக நான் எம்புட்டுக் கத்துனேன் தெரியுமா?"

அக்கா தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். மருமகள் நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"அந்தப் பொஸ்தகம் அச்சாகி வந்தப்ப மொத காப்பிய எங்கம்மாகிட்டதான் கொண்டு போனேன்" என்றார். "அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. நான்தான் வரிக்கு வரி தமிழ்ல சொன்னேன். அப்பா பணிவானவரு, விசுவாசமானவரு, ஒரு வெரலக்கூடத் தூக்குனதில்லன்னு. கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முடிச்சதும், உங்கப்பா செஞ்சது பொய்யின்னு எழுதிட்டியான்னு கேட்டாங்க."

நீட்டிக்கொண்டிருந்த ஃபாரத்தை மடியில் வைத்தேன்.

"நான் பொறந்து ஒரு வாரம்கூட ஆகல. அம்மாவுக்கு ஒடம்பு ஆறல. ஆளு கொறையுதுன்னு பெரட்டுக்கு வரச் சொல்லி மண்டோரு வந்துட்டான். வரலன்னா அரிசி கெடையாதுன்னான். அம்மா போய் நின்னுருக்காங்க. நிக்க முடியல. அப்பா மண்டோருகிட்ட கேட்டாரு, கிராணிகிட்ட கேட்டாரு, கடைசியா தொரைகிட்டயே போய்க் கேட்டாரு. ஒண்ணும் நடக்கல. பெரட்டுக் களத்துலயே உக்காந்துட்டாரு. எந்திரிக்க மாட்டேன்னாரு. அவரப் பாத்து ஒருத்தர், அப்பறம் இன்னொருத்தர், கடைசியில எல்லாருமே உக்காந்துட்டாங்க. அன்னைக்கு யாரும் மரம் வெட்டப் போகல."

பெரட்டு என்பது விடிகாலையில் மண்டோர், அதாவது கங்காணி, ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். துரையின் புத்தகத்திலும் அது வருகிறது, பனி, சேவல் கூவுவது எல்லாம் விவரமாக வருகிறது. நிற்க முடியாமல் நின்ற பெண் மட்டும் வரவில்லை.

"அப்ப தொரை எழுதுனது" என்று ஆரம்பித்தேன்.

"உண்மதான். எங்கப்பாதான் வேலைய நிறுத்துனாரு. எனக்குத் தெரியாது. அம்மாகிட்டக் கேட்டிருக்கலாம், கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிருவாங்களோன்னு பயம். நான் படிச்சு கெவர்மெண்டு கிராணியா ஆனவ. வம்புக்காரன் மவளுன்னு பேரு வேணாம்னு இருந்துச்சு. தொரை எங்கப்பாவ நன்றி கெட்ட நாயின்னான். நான் என்னா எழுதுனேன்? இல்லங்க தொரை, நல்ல நாயிதாங்கன்னு எழுதியிருக்கேன். அதையா உலகம் பூரா அனுப்பப் போற?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அக்காமேல் இல்லை. செத்துப்போன ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து எழுதிய பக்கம், ஒரு படித்த பெண்ணைத் தன் அப்பாவைப் பற்றிப் பெற்ற அம்மாவிடமே கேட்க விடாமல் செய்திருக்கிறதே என்று. அவன் வைத்த அளவுகோலையே எடுத்து, எங்கப்பா இதில் குறையவில்லை பாருங்கள் என்று காட்ட வைத்திருக்கிறதே என்று. மேல்மாடியில் இருக்கிற அத்தனை பேராசிரியர்களும் பக்கம் பக்கமாகச் சுற்றி வளைத்தது இதைத்தான் போல.

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"எப்படி வருவேன்? ஒரு பொஸ்தகத்த எடுங்கன்னு மொதல்ல வந்து நின்னதே நான்தான். இங்க எதையும் எடுக்க மாட்டோம்னு உங்க மேடம் சொன்னாங்க. அப்பறம் என் பொஸ்தகத்த எடுங்கன்னு வந்து நின்னா சிரிக்க மாட்டாங்களா? பட்டுச்சேல கட்டிப் போட்டோவும் எடுத்தாச்சு. அம்மா அந்தப் போட்டோவ மாட்டவே விடல."

மிஸஸ் ஊன் சிரித்திருக்க மாட்டார். தட்டை நகர்த்தியிருப்பார். அச்சான புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது, வேண்டுமானால் புதிதாக எழுதி வா, அதையும் அடுத்தாற்போல் வைக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். அதையே நான் சொன்னேன்.

"இந்த வயசுல எங்க உக்காந்து எழுதுறது? நீ எழுது, நான் சொல்றேன். தமிழ்லயே எழுது. தொரை ஆளுங்க படிக்க வேணாம்" என்றார்.

சொன்னார், எழுதினேன். சின்னதாகத்தான் வந்தது. 'இந்தப் புத்தகத்தில் சடையன் என்று வருகிறவர் என் அப்பா. அவர் வேலையை நிறுத்தினார் என்று துரை எழுதியிருப்பது உண்மை. பிள்ளை பெற்று உடம்பு ஆறாத ஒரு பெண்ணைப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். அதற்காக அப்பா பெரட்டுக் களத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவரை நன்றி கெட்டவன் என்று துரை எழுதியிருக்கிறார். எதற்கு நன்றி என்று எழுதவில்லை.'

"ஒரு பெண்ணைன்னு இருக்கே, அம்மாவைன்னு போடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். பிரசவ சமாச்சாரம், ஆம்பளைங்களும் படிப்பாங்க. பொண்ணுன்னே இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். பிறகு பச்சை அட்டைப் புத்தகத்துக்கான ஃபாரத்தையும் தானே இழுத்து அதிலும் போட்டார். வேண்டாம் என்றீர்களே என்றேன். "பழசும் இருக்கட்டும். நாங்க எப்படிப் பயந்து எழுதுனோம்னு படிக்கிறவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். தேநீர் ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

கவிதா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதைத் தனிப் பதிவாகப் போட முடியாது என்பாள், சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன். "ஸ்கிரீன்ல எல்லாம் ஒரே சைஸ்தான் ஆன்டி" என்று சொல்லி அங்கேயே டைப் செய்யத் தொடங்கினாள். சண்டை இல்லாமல் காரியம் நடந்தது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. எதைப் பற்றியது என்று கேட்கிற இடத்தில் மட்டும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பழைய மறுப்பை நான் துரையின் புத்தகத்தைப் பற்றியது என்று பதிந்திருந்தேன். இது அதைப் பற்றியது இல்லை, ஒரு மனிதரைப் பற்றியது. சடையன் என்று போடச் சொன்னேன். எங்கள் நூலகத்தில் அந்தப் பெயர் பொருளாக ஏறியது அன்றைக்குத்தான்.

எல்லாம் ஏறியபின் ராஜம்மா அக்காவைக் கூப்பிட்டேன். "சடையன்னு தட்டுனா மொதல்ல உங்க பக்கம்தான் வருதுக்கா. தொரை அப்பறம்தான்" என்றேன்.

தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு, "எங்கம்மா பேரத் தட்டுனா?" என்று கேட்டார்.

"வராதுக்கா. அதுல அம்மா பேரு இல்லையே. நீங்கதானே பொண்ணுன்னு போடச் சொன்னீங்க."

"தொரையாவது எங்கப்பா பேர எழுதுனான்" என்றார். "என்னப் பெத்தவளையே நான் யாரோ ஒரு பொண்ணுன்னு எழுதியிருக்கேன் பாரு. பாக்கியம்னு போடு."

கவிதாவைக் கூப்பிட்டேன். "ஆன்டி, அனுப்பியாச்சு லா, மெஷின்கூடப் போயிருச்சு, இனிமே எப்படி?" என்றாள். "தொறம்மா" என்றேன். முனகிக்கொண்டே அந்தப் பதிவைத் திறந்தாள். இப்போது அந்த வரி, 'பிள்ளை பெற்று உடம்பு ஆறாத என் அம்மா பாக்கியத்தைப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள்' என்று இருக்கிறது.